உதை எங்கே போகிறது? மான் வேட்டை ரைஃபிளும் மஸில் பிரேக்கும்

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன இரும்புக் குழாயைப் பத்தி. நீளம் ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அளவு, பக்கவாட்டில் சில ஓட்டைகள், அவ்வளவுதான். இதை ரைஃபிள் குழலின் வாயில் திருகி மாட்டினால், சுடும்போது தோளில் விழுகிற உதை கணிசமாகக் குறையும். பேர் மஸில் பிரேக். ஜிம்முக்குப் போய் ஏத்துற மசில் இல்லைங்க. ஆங்கிலத்தில் துப்பாக்கிக் குழலின் வாய்க்கு மஸில் என்று பேர். பிரேக் நமக்குத் தெரிஞ்ச அதே பிரேக்.

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் நடுவில் இதைப் பத்தின சண்டை பல வருஷமா ஓடுது. ஒரு பக்கம், "இது வந்த பிறகுதான் ஒழுங்கா சுட முடியுது" என்பார்கள். இன்னொரு பக்கம், "அதை மாட்டிக்கிட்டு என் பக்கத்துல வந்து நிக்காதே" என்பார்கள். ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. அது எப்படி ரெண்டும் உண்மையா இருக்க முடியும் என்பதுதான் இன்னைக்குக் கதை. இதுல ஒரு பீரங்கி அதிகாரி வர்றார், சிகாகோ கேங்ஸ்டர்கள் வர்றாங்க, காது கேக்காமப் போன ஒரு அப்பாவும் அவரோட மகனும் வர்றாங்க.

ஒரு சின்ன முன்குறிப்பு. நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை என்றாலே குற்றம், செய்தி, வழக்கு. அமெரிக்காவில் நிலைமை வேற. அங்கே ஒவ்வொரு மாநிலமும் சீசன் அறிவிச்சு, உரிமம் கொடுத்து, எத்தனை மான் என்று கணக்கு வச்சு வேட்டையை நடத்துது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மேல வர்ற 11 சதவீத வரி காட்டுயிர் பாதுகாப்புக்குப் போகுது. வேட்டை சரியா தப்பா என்பது தனி எபிசோடுக்கான விஷயம். இன்னைக்கு அந்தக் குழாயை மட்டும் பார்ப்போம்.

உதை எங்கிருந்து வருது?

நியூட்டனின் மூன்றாம் விதி என்றதும் பள்ளிப் பாடப்புத்தகத்தில் வர்ற உதாரணங்கள்ல ஒண்ணு துப்பாக்கி. குண்டு முன்னாடி போகுது, துப்பாக்கி பின்னாடி வருது. இதுல நாம பரீட்சைக்கு எழுதாம விட்ட ஒரு பகுதி இருக்கு. முன்னாடி போறது குண்டு மட்டும் இல்லை. தோட்டாவுக்குள்ள இருந்த மருந்து எரிஞ்சு வாயுவா மாறி, அதுவும் குழலின் வாய் வழியா வெளியே பாயுது. அந்த வாயுவுக்கும் எடை உண்டு. எரியறதுக்கு முன்னாடி மருந்து எவ்வளவு எடையோ, எரிஞ்ச பிறகு அதில் உண்டான வாயுவும் புகையும் சேர்ந்து அதே எடை. வேகமோ குண்டை விட அதிகம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் ரொம்பப் பிரபலமான வேட்டைத் தோட்டா .30-06. "தர்ட்டி ஆட் சிக்ஸ்" என்பார்கள். 1906-இல் ராணுவத்துக்காக வந்தது. அதில் குண்டு 180 கிரெயின், மருந்து சுமார் 55 கிரெயின். ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் போகுது. வாயுவுக்கு நொடிக்கு சுமார் 4,000 அடி என்று வச்சுக்கலாம், உதைக் கணக்குகளில் வழக்கமா எடுத்துக்கிற மாதிரி. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம். மொத்த உந்தத்தில் வாயுவின் பங்கு ஏறத்தாழ 31 சதவீதம் வருது. அதாவது உங்க தோளில் விழுகிற உதையில் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குண்டால வரலை, அதுக்குப் பின்னாடி வர்ற காற்றால வருது.

மஸில் பிரேக்குக்கு வேலை இங்கதான். குண்டு நேரா முன்னாடி போயிடும், அதைத் தொட முடியாது. பின்னாடி வர்ற வாயுவை மட்டும் பக்கவாட்டு ஓட்டைகள் வழியா வெளியே திருப்பி விடுது. ஓட்டைகள் கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருந்தால், வாயு பின்னாடி பாயும்போது துப்பாக்கியை முன்னாடி இழுக்கவும் செய்யும். உதையின் ஆற்றல் உந்தத்தின் இருபடியா மாறுறதால, உந்தத்தில் 31 சதவீதம் குறைஞ்சாலே ஆற்றல் பாதிக்கும் கீழே போயிடும். நடைமுறையில் எல்லா வாயுவையும் திருப்ப முடியாது. ஆனாலும் நல்ல பிரேக் உதையை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும்.

சரி, திருப்பி விட்ட அந்த வாயு எங்கே போகுது? இந்தக் கேள்வியை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

பீரங்கியில் ஆரம்பிச்சது

இந்த யோசனை முதலில் வந்தது தோளில் வச்சுச் சுடும் துப்பாக்கிக்கு இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரெஞ்சு பீரங்கிப்படை அதிகாரி த்ரெய் த பொலியு, பீரங்கிக் குழலின் வாய்க்கு அருகில் பின்பக்கமாகச் சாய்ந்த ஓட்டைகள் போட்டுப் பார்த்தார். பீரங்கி பின்னாடி ஓடுற தூரம் குறைந்தது. இன்னைக்கு இருக்கிற எல்லா மஸில் பிரேக்குக்கும் அடிப்படை அதுதான்.

20-ஆம் நூற்றாண்டில் டாங்கிகள் வந்ததும் இது பரவலாச்சு. டாங்கியைத் துளைக்க அதிவேகக் குண்டு வேணும், அதுக்கு மருந்து அதிகம் வேணும், மருந்து கூடினால் உதையும் கூடும். இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் பீரங்கிக் குழலின் முனையில் புடைச்ச மாதிரி ஒரு பகுதி இருக்கும், பார்த்திருப்பீங்க. அது மஸில் பிரேக்தான். 1930களில் பிரிட்டிஷ் ராணுவம் கொண்டு வந்த பாய்ஸ் என்ற டாங்கி எதிர்ப்பு ரைஃபிளிலும் பிரேக் இருந்தது. அது ஒரு ஆள் தோளில் வச்சுச் சுட வேண்டிய ஆயுதம். பிரேக் இருந்தும் அதன் உதைக்குச் சிப்பாய்கள் பயந்தார்கள்.

போர்க்களத்தில் இதன் குறையும் சீக்கிரம் தெரிஞ்சது. பக்கவாட்டில் பாயுற வாயு தரையிலிருந்து புழுதியைக் கிளப்பி, சுட்ட இடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுத்தது. பக்கத்தில் நின்ன பீரங்கிப் படையினரின் காதிலும் அறைந்தது. ஆனா ராணுவத்தில் அதைத் தாங்கணும் என்பது உத்தரவு. வேட்டைக்காடு அப்படி இல்லையே.

ஒரே வாயு, ரெண்டு கண்டுபிடிப்பு

இப்போ அமெரிக்காவுக்கு வருவோம். ஹிராம் ஸ்டீவன்ஸ் மேக்சிம் என்ற பேரை மெஷின் கன் வரலாறு படிச்சவங்க கேட்டிருப்பீங்க. முதல் முழுத் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர். உதையை வீணாக்காம, அதே உதையால அடுத்த தோட்டாவை ஏத்த வச்ச மனுஷன். அதைச் சோதிச்சுச் சோதிச்சே அவருக்குக் காது போச்சு. வயசான காலத்தில் அவருக்குக் கிட்டத்தட்ட எதுவும் கேட்கலை.

அவரோட மகன் ஹிராம் பெர்சி மேக்சிம். அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். 1914-இல் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீகைத் தொடங்கியவர்களில் ஒருவர். மோட்டார் வாகனத் துறையிலும் ஆரம்பத்திலிருந்தே இருந்தவர். அவர் 1909-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். குழலின் வாயில் மாட்டுற ஒரு உருளை. உள்ளே வரிசையா தடுப்புகள். வெளியே பாயுற வாயுவை உள்ளேயே சுத்த விட்டு, விரிய விட்டு, குளிர வச்சு, மெதுவா வெளியே அனுப்பும். பேர் மேக்சிம் சைலன்சர்.

நம்ம ஊர் பைக்கில் சைலன்சர் என்று சொல்றோமே, வேலை ஒண்ணுதான். இன்ஜினிலிருந்து அழுத்தத்தோட வர்ற புகையை மெதுவாக்கி வெளியே விடறது. மேக்சிமின் நிறுவனமே பின்னாளில் இன்ஜின்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சைலன்சர் செய்யப் போயிடுச்சு.

அந்தக் காலத்தில் இது சாதாரணக் கடைப் பொருள். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூசவெல்ட்டிடம் இருந்த வின்செஸ்டர் 1894 ரைஃபிள் ஒன்றிலும் மேக்சிம் சைலன்சர் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வாயு மெதுவா வெளியே போறதால சைலன்சர் உதையையும் ஓரளவு குறைக்கும். அதாவது 1909-லேயே சத்தமும் உதையும் சேர்ந்து குறையிற ஒரு வழி அமெரிக்க வேட்டைக்காரனுக்குக் கிடைச்சிருந்தது.

ரெண்டாவது கண்டுபிடிப்பு 1920களில். அமெரிக்க மரைன் படை அதிகாரி ரிச்சர்ட் கட்ஸும், அதே பேர் கொண்ட அவர் மகனும் சேர்ந்து செய்த கட்ஸ் காம்பென்சேட்டர். இதில் வாயுவை அடக்கறதே கிடையாது. மேல்பக்கம் போட்ட வெட்டுகள் வழியா வாயு மேலே பாயும், குழல் மேலே துள்ளாம கீழே அழுத்தும். 1920களின் கடைசியில் தாம்சன் சப்மெஷின் கன்னில் இதை மாட்டி விற்றார்கள். பழைய கேங்ஸ்டர் படங்களில் வர்ற "டாமி கன்" அதுதான். பிறகு லைமன் நிறுவனம் இதை ஷாட்கன்களுக்கும் செய்து வேட்டைக்காரர்களிடம் விற்றது. உதை குறைஞ்சது, சத்தம் காதைப் பிளந்தது.

ஆக, ஒரே வாயுவுக்கு ரெண்டு வழி. ஒண்ணு அடக்கி அனுப்புது. இன்னொண்ணு திருப்பி விடுது.

1934

அமெரிக்காவில் மதுவிலக்குக் காலம். கள்ளச்சாராயக் கும்பல்களின் சண்டை. 1929 காதலர் தினத்தன்று சிகாகோவில் 7 பேரைச் சுவரோரம் நிக்க வச்சுச் சுட்டுக் கொன்றார்கள். பயன்படுத்தின ஆயுதங்களில் தாம்சன் துப்பாக்கிகள் முக்கியமானவை. நாடே அதிர்ந்தது. 1934-இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. இயந்திரத் துப்பாக்கி, குழலைக் குட்டையா வெட்டின ஷாட்கன் இவற்றோடு சைலன்சரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வொண்ணுக்கும் 200 டாலர் வரி, மத்திய அரசிடம் பதிவு. பெருமந்தக் காலத்தில் 200 டாலர் என்பது சாதாரண ஆளால் நினைச்சுக்கூடப் பார்க்க முடியாத தொகை. வரி என்று பேர், நடைமுறையில் தடை. அதுக்கு முன்னாடியே சில மாநிலங்கள் வேட்டையில் சைலன்சருக்குத் தடை போட்டிருந்தன. சத்தமில்லாமல் சுட்டால் கள்ளவேட்டைக்காரனை யார் பிடிக்கிறது என்ற பயம்.

இங்கே ஒரு விசித்திரம் பாருங்க. தாம்சன் துப்பாக்கி அந்தச் சட்டத்துக்குள்ள போச்சு. அதன் வாயில் மாட்டியிருந்த கட்ஸ் காம்பென்சேட்டர் மட்டும் போகலை. கடையில் யாரும் எப்பவும் போல வாங்கலாம். சத்தத்தைக் குறைக்கிற குழாய்க்குக் கைரேகை, புகைப்படம், வரி, மாதக்கணக்கில் காத்திருப்பு. சத்தத்தைக் கூட்டுற குழாய்க்கு ஒரு காகிதம்கூட வேண்டாம்.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். டிஃபால்ட்டா எது சுலபமோ, பெரும்பாலானவங்க அதைத்தான் எடுப்பாங்க. யாரும் உக்காந்து "வேட்டைக்காரங்க காது போகட்டும்" என்று சட்டம் எழுதலை. ஆனா அந்தச் சட்டம் வச்ச டிஃபால்ட் அடுத்த 90 வருஷத்துக்கு அந்தத் திசையில்தான் தள்ளிச்சு.

மேக்னம் மோகம்

இருந்தாலும் 1934-இல் மான் வேட்டைக்காரனுக்குப் பிரேக்கும் தேவைப்படலை, சைலன்சர் இல்லாததும் உறைக்கலை. ஏன்னா அவன் கையில் இருந்தது பெரும்பாலும் .30-30. 1895-இல் வந்த தோட்டா. அதைச் சுடுகிற வின்செஸ்டர் 94 ரைஃபிள் மொத்தமா 70 லட்சத்துக்கு மேல் தயாராச்சு. கிழக்குப் பக்கத்துக் காடுகளில் மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்ளதான் தெரியும், அதுக்கு இது தாராளம். உதை சுமார் 11 அடி-பவுண்ட். சிறுவர்களும் சமாளிக்கக் கூடியது.

போருக்குப் பிறகு நிலைமை மாறுச்சு. கலிஃபோர்னியாவில் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்த ராய் வெதர்பி, வேகம்தான் எல்லாம் என்று நம்பினார். வேகமான குண்டு தூரத்திலும் நேராப் போகும், அடிபட்ட விலங்கு உடனே விழும் என்பது அவர் வாதம். .300 வெதர்பி மேக்னம் 1944-இல் உருவாச்சு. 1945-இல் கம்பெனி தொடங்கினார். ஹாலிவுட் நடிகர்கள் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். பெரிய கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. 1958-இல் .338 வின்செஸ்டர் மேக்னம், 1962-இல் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 1963-இல் .300 வின்செஸ்டர் மேக்னம். "மேக்னம்" என்ற சொல் பெட்டியின் மேல் இருந்தாலே விற்றது.

உதையின் எண்களைப் பாருங்க. ரைஃபிளின் எடையைப் பொறுத்து மாறும், ஆனா ஏறத்தாழ: .30-30-க்கு 11 அடி-பவுண்ட், .30-06-க்கு 20, .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 25. .30-378 வெதர்பி மேக்னம் என்று ஒண்ணு, 1950களின் கடைசியில் ராணுவ ஆய்வுக்காகப் பிறந்தது, 1996-இல் கடைக்கு வந்தது. அதுக்கு 40.

40 அடி-பவுண்ட் உதையைத் தோளில் வாங்குறவன் என்ன பண்ணுவான்? ரெண்டாவது குண்டிலிருந்து உடம்பு முன்கூட்டியே பதற ஆரம்பிச்சிடும். விசையை அழுத்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கண் மூடும், தோள் சுருங்கும், குழல் நகரும். துப்பாக்கி எவ்வளவு துல்லியமா இருந்தும் பிரயோஜனம் இல்லை. நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றில் படும். அந்த மான் ஓடிப் போய் எங்கேயோ புதரில் படுத்து மணிக்கணக்கில் சாகும். நேர்மையான வேட்டைக்காரர்கள் ரொம்ப வெட்கப்படுற விஷயம் இது. பிரேக்குக்கு ஆதரவா பேசறவங்களை நாம லேசா எடுத்துக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

பிரேக் மான் துப்பாக்கிக்கு வந்தது

1970களில் மிச்சிகனைச் சேர்ந்த லாரி கெல்லி, மேக்-நா-போர்ட் என்ற முறையைக் கொண்டு வந்தார். தனியா எதையும் மாட்ட வேண்டாம். குழலின் வாய்க்கு அருகில் மேல்பக்கம் மெல்லிய துளைகள் போட்டால் போதும். துளை போட அவர் பயன்படுத்தினது மின்பொறியால் உலோகத்தை அரிக்கிற இயந்திரம். டூல் ரூமில் வேலை பார்த்தவங்களுக்கு ஸ்பார்க் எரோஷன் என்றால் தெரியும், அதேதான். பிசிறு இல்லாத சுத்தமான துளை.

1990களின் நடுவில் பிரவுனிங் கம்பெனி பாஸ் என்ற அமைப்பை ஏ-போல்ட் ரைஃபிளில் வச்சு விற்றது. குழல் முனையில் ஒரு எடை. அதை முன்னும் பின்னும் திருகிக் குழலின் அதிர்வை ட்யூன் பண்ணலாம், துல்லியம் கூடும். அதிலேயே பிரேக் ஓட்டைகளும் இருந்தன. துல்லியம் எல்லோருக்கும் பிடிச்சது. சத்தம் பிடிக்கலை. கொஞ்ச வருஷத்திலேயே அதே கம்பெனி ஓட்டை இல்லாத இன்னொரு பாஸைக் கொண்டு வந்தது. உதை பழையபடி வரும், காதுக்குப் பரவாயில்லை. உதையைக் குறைக்கிற பொருளை வாங்கினவங்க, "உதையே பரவாயில்லை, திருப்பிக் கொடுங்க" என்று கேட்ட மாதிரி ஆச்சு. 2010களில் ரூகர் கம்பெனியும் சில ரைஃபிள்களில் பிரேக்கோட கூடவே, அதே எடையில் ஓட்டை இல்லாத ஒரு முனையையும் பெட்டியில் வச்சுக் கொடுத்தது. ரேஞ்சில் பழகும்போது பிரேக், காட்டுக்குப் போகும்போது அதைக் கழட்டிட்டு இது. எடை ஒண்ணா இருக்கறதால குண்டு போற இடம் பெருசா மாறாது.

வெதர்பியின் .30-378 மாதிரியான தோட்டாக்களுக்கு அந்த வசதியெல்லாம் போதாது. அக்யுபிரேக் என்ற பிரேக்கோடதான் அந்த ரைஃபிள் வந்தது. அதில் மருந்து 110 கிரெயின் அளவுக்குப் போகும். முன்னாடி போட்ட கணக்கை இதுக்கும் போட்டால், உந்தத்தில் வாயுவின் பங்கு 42 சதவீதம். மருந்து அதிகமாக ஆக, பிரேக் நல்லா வேலை செய்யும். அதே அளவுக்குப் பக்கவாட்டில் பாயுறதும் அதிகமாகும்.

இப்போ அந்தக் கேள்வி

திருப்பி விட்ட வாயு எங்கே போகுது? சுடுறவனின் காதுக்கும், பக்கத்தில் நிக்கிறவனின் காதுக்கும்.

பிரேக் இல்லாத வேட்டை ரைஃபிளின் சத்தமே சுமார் 160 டெசிபல். துப்பாக்கி மாதிரி திடீர்ச் சத்தத்துக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் வச்சிருக்கிற உச்ச வரம்பு 140. பிரேக் மாட்டினால் சுடுறவனின் காதில் 5 முதல் 10 டெசிபல் வரை கூடும். பத்துதானே என்று தோணும். டெசிபல் மடக்கைக் கணக்கு, ஒவ்வொரு 10-க்கும் ஒலியின் செறிவு 10 மடங்கு. ஒப்பிட்டுப் பார்க்க, நம்ம ஊர்ப் பட்டாசுக்கு விதி வச்சிருக்கிற உச்ச அளவு 4 மீட்டர் தூரத்தில் 145 டெசிபல். ரைஃபிளின் வாய் காதிலிருந்து ஒரு மீட்டருக்குள்ள இருக்கும்.

பெரிய சத்தம் வந்தால் நம்ம காதுக்குள்ள ஒரு குட்டித் தசை இறுகி ஓரளவு காப்பாத்தும். துப்பாக்கிச் சத்தம் அந்தத் தசை இறுகறதுக்குள்ள வந்து போயிடும். உட்காதில் இருக்கிற நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் மனுஷனுக்குத் திரும்ப வளராது. முதலில் போறது உச்சஸ்தாயி. பறவைச் சத்தம், குழந்தைகள் பேச்சில் வர்ற ச, ஸ மாதிரி ஒலிகள். மிச்சம் இருக்கறது ராத்திரி படுத்தாலும் நிக்காத ஒரு ரீங்காரம். வலது தோளில் வச்சுச் சுடுறவங்களுக்கு இடது காது முதலில் போகும். குழல் பக்கம் திரும்பியிருப்பது அந்தக் காதுதான், வலது காதைத் தலை மறைச்சுக்கும்.

அப்போ காதுக்கு மஃப் போட்டுக்கலாமே? ரேஞ்சில் எல்லோரும் போடறாங்க. காட்டில் பலர் போடறதில்லை. மான் வேட்டை பாதி காதால நடக்குது. சருகு நொறுங்குற சத்தம், சுள்ளி ஒடியுற சத்தம் கேட்கணும். சின்னச் சத்தத்தைப் பெருக்கி, பெரிய சத்தத்தை வெட்டுற எலக்ட்ரானிக் மஃப் இப்போ கிடைக்குது, நல்லாவும் இருக்கு. ஆனா மான் திடீர்னு எதிர்ல வந்து நிக்கிற அந்த ரெண்டு நொடியில், கழுத்தில் தொங்குறதை யார் எடுத்துக் காதில் மாட்டுறாங்க?

இதில் ரொம்ப அநியாயமா அடிபடுறது கூட வர்ற ஆள்தான். வேட்டை கைடு பக்கத்தில் கொஞ்சம் முன்னாடி உக்காந்து பைனாகுலரில் பார்த்துக்கிட்டு இருப்பார். ஓட்டையிலிருந்து வர்ற வாயு நேரா அவர் முகத்துக்கு. சுடுறவனுக்காவது எப்போ சுடப் போறோம் என்று தெரியும், அவருக்கு அதுவும் தெரியாது. தோள் நோகாம தப்பிச்சது சுட்டவன், விலை கொடுத்தது அவர். அலாஸ்காவிலும் ஆப்பிரிக்காவிலும் பல கைடுகள் "பிரேக் இருந்தா கழட்டிட்டு வா" என்று சொல்றது இதனாலதான்.

90 வருஷம் கழிச்சு

பின்லாந்து, நார்வே மாதிரி நாடுகளில் வேட்டை ரைஃபிளில் சைலன்சர் வழக்கமான ஒண்ணு. பக்கத்து வீட்டுக்காரனையும் நாயையும் தொந்தரவு பண்ணாத நாகரிகம் என்று பார்க்கிறார்கள். பிரிட்டனில் மான் சுடுறவர்களும் மாட்டிக்கிறார்கள். சினிமாவில் வர்ற மாதிரி "புஸ்" என்று சத்தம் வராதுங்க. 20 முதல் 30 டெசிபல் குறையும், அதாவது 160 என்பது 130, 140-க்கு வரும். ஒலியை விட வேகமாப் போற குண்டு காற்றைக் கிழிக்கிற சத்தம் அப்படியேதான் இருக்கும். ஆனா காதுக்கு அந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு.

அமெரிக்காவிலும் மாநிலங்கள் ஒவ்வொண்ணா மனசு மாறி, இப்போ 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் வேட்டையில் சைலன்சர் பயன்படுத்தலாம். 2015-இல் செவிப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் வச்சே ஒரு மசோதா கொண்டு வந்தார்கள், நிறைவேறலை. கடைசியில் 2025-இல் வந்த வரிச் சட்டம், 1934-லிருந்து மாறாம இருந்த அந்த 200 டாலரை 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கிச்சு. பதிவு இன்னும் உண்டு. அதை எதிர்க்கிறவங்களுக்கும் காரணம் இருக்கு. துப்பாக்கிச் சத்தம் கேட்டால்தானே ஓட முடியும், போலீஸுக்குச் சொல்ல முடியும் என்கிறார்கள். துப்பாக்கி வன்முறை அவ்வளவு இருக்கிற நாட்டில் அந்தக் கேள்வியைத் தள்ளிட முடியாது.

இதில் ஒரு சுற்று முழுசா முடியுது. சைலன்சர் மாட்ட வசதியா இப்போ கம்பெனிகள் மான் ரைஃபிள்களின் குழல் முனையிலேயே மரை போட்டு விற்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னா ஒரு ஸ்டாண்டர்ட் போர்ட். அதே மரையில் பிரேக்கையும் மாட்டலாம். சைலன்சர் வாங்கக் காசோ பொறுமையோ இல்லாதவங்க அதில் பிரேக்கை மாட்டிக்கிட்டாங்க. பெட்டியிலேயே பிரேக் வச்சு விற்கிற ரைஃபிள்களும் நிறைய.

மூணாவது ஒரு வழியும் எப்பவும் இருந்தது, இப்பவும் இருக்கு. 1955-இல் வந்த .243 வின்செஸ்டரின் உதை 10 அடி-பவுண்டுக்கும் குறைவு. 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர், .30-06-ஐ விட நல்லாவே மென்மையானது. ரெண்டுமே வெள்ளைவால் மானுக்குப் போதும். பிரேக்கும் வேண்டாம், சைலன்சர் படிவமும் வேண்டாம். ஆனா பெட்டி மேல மேக்னம் என்று எழுதியிருக்காது.

இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தோணினது இதுதான். உதையைக் குறைக்கிறது நல்ல பொறியியல். அதில் சந்தேகமே இல்லை. ஆனா "குறைஞ்சிருச்சு" என்று நாம அளந்தது தோளில் மட்டும். காதில் யாரும் அளக்கலை, பக்கத்தில் நிக்கிறவனின் காதில் சுத்தமா அளக்கலை. ஆபீஸில் ஒரு பக்கத்தை வேகமாக்கிட்டு டாஷ்போர்டைப் பார்த்துச் சந்தோஷப்படும்போது, அந்தச் சுமை வேற எந்த டீம் தலையில் போய் உக்காந்துச்சு என்று கேட்கிற பழக்கம் நமக்கு எத்தனை பேருக்கு இருக்கு?

பிரேக் மாட்டின ரைஃபிளோட ரேஞ்சுக்கு வர்ற அனுபவசாலிகள் சுடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்வாங்க. ரெண்டு பக்கமும் திரும்பி, "காதை மூடிக்கங்க, பிரேக் இருக்கு" என்று சத்தமா சொல்லிட்டு, எல்லோரும் தலையாட்டின பிறகுதான் விசையைத் தொடுவாங்க. சட்டம் கேட்காத, கம்பெனி எழுதித் தராத ஒரு வழக்கம். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு அதுதான்.

வர்ற பண்டிகை நாளில் பட்டாசு வெடிக்கும்போதோ, கோயில் திருவிழா ஸ்பீக்கர் பக்கத்தில் நிக்கும்போதோ, பக்கத்தில் இருக்கிற குழந்தையோட காதை ஒரு தடவை கவனிங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.